பெட்டி இல்லாமல் வந்தால் ரூம் கிடைக்குமா?

லாட்ஜ் ரிசப்ஷனில் மூன்று கேள்விகள் நிச்சயம் உண்டு. "எத்தனை பேரு?", "எத்தனை நாளு?" இந்த இரண்டுக்கும் யாரும் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதுதான் சிக்கல். "லக்கேஜ் எங்க தம்பி?"

தோளில் தொங்கும் ஒரே பையைக் காட்டினால் மேனேஜர் ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள்... அந்தப் பார்வையில் ஒரு வரலாறே இருக்கிறது. கொஞ்சம் சட்டம், கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் பயம். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நம்ம ஊரில் "ஹோட்டல்" என்றால் இட்லி, வடை. படுக்க இடம் வேண்டும் என்றால் "லாட்ஜ்". கொஞ்சம் காசு வந்து வாசலில் கண்ணாடிக் கதவு போட்டதும் அதே லாட்ஜ் "ரெசிடென்சி" ஆகிவிடும், இன்னும் கொஞ்சம் வந்தால் "இன்". உள்ளே பக்கெட்டும் மக்கும் அதேதான்!

பத்துக்குப் பத்து

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே கென்னட் லேன் என்று ஒரு சந்து. தென் மாவட்டத்து ரயில்களில் வந்து இறங்குகிற ஆட்களுக்காகவே உண்டானது போல வரிசையாக லாட்ஜ்கள். சிங்கிள் ரூம் என்று சாவி கொடுப்பார்கள். பத்தடிக்குப் பத்தடி இருந்தால் பெரிய விஷயம். ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஒரு கண்ணாடி, கதவுக்குப் பின்னால் நாலு கொக்கி. மின்விசிறிக்கு இரண்டே வேகம், ஒன்று ஆஃப், இன்னொன்று புயல். வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து லாட்ஜின் ஜன்னல்.

பெரிய சூட்கேசோடு வருபவருக்கு இந்த அறை நரகம். பெட்டியைக் கீழே வைத்தால் நடக்க இடமில்லை, கட்டில் மேல் வைத்தால் படுக்க இடமில்லை. ஆனால் ஒரே பையோடு வருபவருக்கு அது போதும். ஒரு சட்டை, ஒரு பேன்ட், ஒரு துண்டு, சர்டிபிகேட் ஃபைல், சார்ஜர், பல் துலக்கும் பிரஷ். பையைக் கொக்கியில் மாட்டினால் தரை முழுக்கக் காலி. காலையில் குளித்து முழுச்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினால், இவர் எங்கே தூங்கினார் என்று இன்டர்வியூ எடுப்பவருக்குத் தெரியவா போகிறது?

இந்த அறைக்குக் கொடுக்கிற காசு உண்மையில் கட்டிலுக்கு இல்லை, இடத்துக்கு. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தெற்கே இருந்து வரும் பேருந்துகளுக்கு அதுதான் எல்லை. அங்கிருந்து நகரின் நடுப்பகுதி சுமார் 30 கிலோமீட்டர். ராத்திரி முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்து வந்தவர் காலை ஒன்பதரை மணிக்கு நுங்கம்பாக்கத்தில் பளிச்சென்று நிற்க வேண்டும் என்றால், பக்கத்தில் எங்காவது ஒரு குளியலறையும் ஒரு தாழ்ப்பாளும் வேண்டும். அதற்குத்தான் காசு.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாமா?

காமர்ஸ் படிப்பவர்கள் இந்த இடத்தில் கால்குலேட்டரை எடுக்காமல் இருந்தால் எப்படி? :-)

ஒரு மாடியில் அறைகளுக்கு மட்டும் 1,200 சதுர அடி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முதலாளி அதை 200 சதுர அடி வீதம் 6 அறைகளாகப் பிரித்து, ஒன்றை 1,400 ரூபாய்க்கு விடுகிறார். எல்லாம் நிரம்பினால் நாளுக்கு 8,400. இன்னொருவர் 100 சதுர அடி வீதம் 12 அறைகள் போட்டு ஒன்றை 800 ரூபாய்க்கு விடுகிறார். எல்லாம் நிரம்பினால் 9,600. பெரிய அறைக்காரர் சதுர அடிக்குக் கொடுப்பது 7 ரூபாய், சின்ன அறைக்காரர் கொடுப்பது 8 ரூபாய்! மளிகைக் கடையில் சின்ன பாக்கெட் வாங்குபவருக்கு நடப்பதேதான் இங்கேயும். மொத்தமாக வாங்க வசதி இல்லாதவர் சில்லறையில் அதிகம் கொடுக்கிறார். ஆனாலும் அவர் பையிலிருந்து போவது 800 மட்டும்தான், அதனால் அவருக்கு இது லாபம்.

இன்னொரு விஷயம். அரிசி வியாபாரி இன்றைக்கு விற்காத மூட்டையை நாளைக்கு விற்பார், வருஷக் கடைசியில் மிஞ்சினால் க்ளோசிங் ஸ்டாக்கில் காட்டுவார். லாட்ஜ்காரருக்கு அந்த வசதி கிடையாது. நேற்று ராத்திரி காலியாக இருந்த அறை போனது போனதுதான். வாட்ச்மேன் சம்பளம், கட்டட வாடகை, லிஃப்ட் ரிப்பேர் எல்லாம் அறை நிரம்பினாலும் காலியாக இருந்தாலும் ஒன்றுதான். அதனால்தான் ராத்திரி பத்து மணிக்கு மேல் போய்க் கேட்டால் ரேட் கொஞ்சம் இறங்கும். (இந்தப் பாயிண்டைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.)

வரி? 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது நாளுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் உள்ள அறைக்கு வரி கிடையாது. 2022 ஜூலை 18 முதல் அந்தச் சலுகை போய் 12 சதவீதம் ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் நாளுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 5 சதவீதம், ஆனால் முதலாளிக்கு உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள் வரவு உள்ள சேவைத் தொழிலுக்குப் பதிவே தேவையில்லை. 700 ரூபாய் வீதம் 7 அறைகள் 365 நாளும் நிரம்பினால் 17,88,500 ரூபாய். ஆக ஏழெட்டு அறை வைத்திருக்கும் குட்டி லாட்ஜ் மட்டும்தான் இந்த வலையில் சிக்காமல் தப்பிக்கும்.

பெட்டி என்பது ஜாமீன்

சரி, மேனேஜரின் மூன்றாவது கேள்விக்கு வருவோம். வாடகை கொடுக்கப் போகிறவரின் பெட்டியைப் பற்றி அவருக்கு என்ன அக்கறை?

இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில் சத்திரக்காரருக்கு ஓர் உரிமை உண்டு. தங்கியவர் காசு கொடுக்காவிட்டால் அவருடைய பெட்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். 1878-ல் வந்த சத்திரக்காரர்கள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆறு வாரம் வைத்திருந்தும் ஆள் வரவில்லை என்றால், முன்கூட்டியே பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துவிட்டு ஏலம் விடலாம்! அந்தக் காலத்தில் ஆதார் கார்டும் கிடையாது, ஜிபேயும் கிடையாது. வந்தவர் யார் என்று சொல்ல அவர் கொண்டுவந்த பெட்டி மட்டும்தான் சாட்சி. கனமான பெட்டி என்றால் நல்ல மனிதர். (இதைத் தெரிந்துகொண்டு செங்கல்லை நிரப்பிக்கொண்டு வந்த பெட்டிகள் எத்தனையோ!)

நம் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ஐ செமஸ்டரில் படித்திருப்பீர்கள். 171-வது பிரிவு, பொதுப் பற்றுரிமை. வங்கிகள், ஃபேக்டர்கள், துறைமுகக் கிடங்குக்காரர்கள், உயர் நீதிமன்ற வழக்கறிஞர்கள், பாலிசி புரோக்கர்கள். ஐந்து பேரை வரிசையாக மனப்பாடம் செய்து எழுதினால்தான் மார்க். அந்தப் பட்டியலில் லாட்ஜ்காரர் இல்லை. ஆனால் பழக்கத்தில் அந்தக் கண் மட்டும் மாறவில்லை. பெட்டி இருந்தால் ஆள் திரும்பி வருவார். பெட்டி இல்லாதவர் அறையைப் பூட்டிக்கொண்டு போனால் வருவாரா, மாட்டாரா?

அதற்குத்தான் அட்வான்ஸ் வந்தது. 750 ரூபாய் அறைக்கு ஆயிரம் வாங்கிக்கொண்டு, காலி செய்யும்போது 250 திருப்பித் தருவார்கள். பெட்டி செய்த வேலையை அந்த 250 ரூபாய் செய்கிறது. ஆள் யார் என்பதற்கு ஆதார் நகல். கணக்குப்படி பார்த்தால் பெட்டியைப் பற்றிய கேள்வி இத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

செருப்பை வைத்து ஒரு ஹோட்டல்

பெட்டியே இல்லாதவர்களுக்கென்று ஒரு ஹோட்டல் கட்டினால் எப்படி இருக்கும்? ஜப்பான்காரர்கள் கட்டியே விட்டார்கள். 1979-ல் ஒசாகா நகரின் உமேதா பகுதியில் கேப்சூல் இன் ஒசாகா திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் கிஷோ குரோகாவா. 1972-ல் டோக்கியோவில் 140 பெட்டி வீடுகளை அடுக்கி நக்காகின் கேப்சூல் கோபுரம் கட்டினாரே, அவரேதான். (அந்தக் கோபுரத்தை 2022-ல் இடிக்க ஆரம்பித்தார்கள்.)

அறை என்று சொல்வதே தப்பு. சுமார் இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், உட்கார்ந்தால் தலை இடிக்காத உயரம். நம்ம ஊர் ஸ்லீப்பர் பெர்த்துக்கு நாலு பக்கமும் சுவர் வைத்தது போல. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. வாசலுக்கு ஒரு திரை மட்டும், பூட்டு கிடையாது. குளியல் பொதுவில். பைக்குத் தனியாக லாக்கர். கடைசி ரயிலைத் தவறவிட்ட ஆபீஸ்காரர்கள்தான் முக்கியமான வாடிக்கையாளர்கள். டாக்ஸியில் வீட்டுக்குப் போகிற காசைவிட இது மலிவு. கையில் ஒரு ப்ரீஃப்கேஸ் இருந்தால் அதிகம்.

அப்போது ஜாமீனுக்கு என்ன செய்வது? இங்கேதான் அழகு. பல பழைய கேப்சூல் ஹோட்டல்களில் வாசலிலேயே ஷூவைக் கழற்றி ஒரு குட்டி லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு, அந்தச் சாவியை ரிசப்ஷனில் கொடுத்துவிட வேண்டும். கணக்கு முடித்தால்தான் சாவி திரும்பும். வெறுங்காலோடு தெருவில் ஓட யார் துணிவார்? பெட்டி செய்த வேலையை ஒரு ஜோடி ஷூ செய்துவிட்டது!

ஆனால் ஒன்று. ஆரம்பத்தில் கேப்சூல் ஹோட்டல்கள் ஆண்களுக்கானவை. பெண்களுக்குத் தனி மாடி, தனி லிஃப்ட் என்று ஏற்பாடுகள் பிற்பாடுதான் பரவின. இன்றைக்கும் ஆண்களுக்கு மட்டும் என்று இருக்கும் இடங்கள் உண்டு. இன்னொன்றும் உண்டு. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு வேலை போன சிலர் டோக்கியோவில் மாதக் கணக்கில் இந்தப் பெட்டிகளிலேயே குடியிருந்தார்கள். ஒரு ராத்திரிக்குச் சின்ன அறை சுகம்தான். அதுவே வீடானால் வேறு கதை.

இந்த யோசனை இந்திய ரயில்வேக்கும் வந்தது. 2021 நவம்பரில் மும்பை சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 48 பெட்டிகளோடு பாட் ஹோட்டல் திறந்தார்கள். அதில் பெண்களுக்கு என்று தனியாக ஒரு பகுதி முதல் நாளிலிருந்தே இருந்தது.

ஒரே ரயில், ஒரே எடை

இப்போது ஒரு கதை. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்த ஒரு பையனும் ஒரு பெண்ணும். சென்னையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். முதல் நாள் எழுத்துத் தேர்வு, மறுநாள் நேர்முகம். ஆக ஒரு ராத்திரி தங்கியே ஆக வேண்டும். ஒரே ரயில், வேறு வேறு பெட்டி. இருவரிடமும் தோளில் ஒரே ஒரு பை. எடை போட்டிருந்தால் இரண்டும் நாலு கிலோ தாண்டியிருக்காது.

பையன் முதல் லாட்ஜிலேயே ஆயிரம் ரூபாய் கட்டி, 250 அட்வான்ஸ் போக 750-க்கு அறை எடுத்துவிட்டான். மேனேஜர் லக்கேஜைக் கேட்டார், அவன் பையைக் காட்டினான், முடிந்தது.

பின்னாலேயே வந்த பெண்ணிடம் மேனேஜர் லக்கேஜைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"கூட யாரும்மா வந்திருக்கா?"

"யாரும் இல்லண்ணே. இன்டர்வியூக்கு வந்திருக்கேன். நாளைக்கு நைட்டு ட்ரெயின்."

"லேடீஸ் சிங்கிளுக்குக் குடுக்கறதில்லம்மா. ஓனர் சொல்லியிருக்காரு."

அவள் இன்டர்வியூ கடிதத்தைக் காட்டினாள். ஆதாரைக் காட்டினாள். "அப்பாகிட்ட பேசுறீங்களாண்ணே?" என்று போனை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "தப்பா எடுத்துக்காதம்மா" என்றார், மரியாதையாகத்தான். இரண்டாவது லாட்ஜிலும் அதே பதில். மூன்றாவதில், "ஃபேமிலியோட வந்தா தரலாம்."

மணி ஏழரை. ஒன்பதரைக்குத் தேர்வு. கடைசியில் ஒரு பெரிய ஹோட்டலில் 1,900 ரூபாய், 5 சதவீத வரியோடு 1,995. கண்ணாடிக் கதவு, லிஃப்ட், இரண்டு பேர் படுக்கிற கட்டில். அவளுக்குத் தேவைப்பட்டது அதில் பாதிக் கட்டிலும் ஒரு குழாயும்தான். அந்த இரண்டு நாளும் அவளுக்குச் சாப்பாடு பன்னும் டீயும்.

1,995 கழித்தல் 750. வித்தியாசம் 1,245 ரூபாய்.

அப்பாவைக் கூட்டி வந்திருக்கலாமே என்பார்கள். அவருக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. இரண்டு நாள் லீவு போட்டால் இரண்டு நாள் கூலி போச்சு. அதன் மேல் போக வர இன்னொரு டிக்கெட், சிங்கிளுக்குப் பதில் டபுள் ரூம், இரண்டு பேர் சாப்பாடு. எப்படிக் கூட்டினாலும் 1,245-ஐத் தாண்டிவிடும். இதனால்தான் எத்தனையோ வீடுகளில் "சென்னையா? வேண்டாம், இங்கேயே ஏதாவது பாரு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஒரு ராத்திரி படுக்க இடம் இல்லை, அவ்வளவுதான்.

பயம் யாருக்கு?

லாட்ஜ்காரரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவர் பக்கமும் ஒரு பயம் இருக்கிறது. கோயில் ஊர்களில், கடற்கரை ஊர்களில் தனியாக வரும் ஆண்களுக்கே அறை கொடுக்க யோசிப்பார்கள். தனியாக, பெட்டி இல்லாமல் வருபவர் உயிரை மாய்த்துக்கொள்ள வந்தவரோ என்ற சந்தேகம். ஏதாவது நடந்தால் போலீஸ், விசாரணை, லாட்ஜுக்குக் கெட்ட பெயர். பெண் என்றால் இந்தப் பயம் இரட்டிப்பு, கூடவே "ஊர் என்ன சொல்லும்?"

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? தனியாக வரும் பெண்ணுக்கு அறை கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. 2019 டிசம்பரில், கோவையில் சீல் வைக்கப்பட்ட ஒரு விடுதி பற்றிய வழக்கில், திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கவே சட்டம் கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இரண்டு பேருக்கே தடை இல்லை என்றால், இன்டர்வியூ கடிதத்தோடு நிற்கும் ஒருத்திக்கு என்ன தடை?

முன்னால் ஞாபகம் வைக்கச் சொன்ன பாயிண்ட் இங்கேதான் வருகிறது. அன்று அந்த மூன்று லாட்ஜ்களிலும் அறை நிரம்பியிருந்தது என்று யாரும் சொல்லவில்லை. அறை காலி. காலி அறைக்கு க்ளோசிங் ஸ்டாக் கிடையாது. கையில் காசோடு வந்தவரைத் திருப்பி அனுப்பியதில் லாட்ஜ்காரருக்கும் 750 நஷ்டம். கணக்குத் தெரிந்த ஒரு வியாபாரி தெரிந்தே செய்த நஷ்டம் இது.

பெட்டி இல்லாதவருக்கு அட்வான்ஸ் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஷூவைப் பூட்டி வைத்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மாடிக்கு ஒரு பெண் ஊழியர், வராந்தாவில் ஒரு கேமரா, கதவுக்கு உள்ளே உருப்படியான ஒரு தாழ்ப்பாள். இவ்வளவு இருந்தால் தைரியமாக வாசலில் ஒரு போர்டு வைக்கலாம். அந்தப் போர்டைப் பார்த்து வரும் கூட்டத்துக்கு விளம்பரமே தேவைப்படாது.

அதுவரைக்கும்...

வகுப்புத் தோழர்களுக்கும் தோழிகளுக்கும் உபயோகப்படும் சில விஷயங்கள்:

1. கன்ஃபர்ம் ஆன ரயில் டிக்கெட் இருந்தால், அதன் பி.என்.ஆர். எண்ணை வைத்து ரயில் நிலைய ஓய்வறையை ஆன்லைனில் பதிவு செய்யலாம். சீக்கிரம் தீர்ந்துவிடும், டிக்கெட் எடுத்த கையோடு பாருங்கள்.

2. பெண்களுக்கு, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. விருந்தினர் இல்லம் இருக்கிறது. எழும்பூரிலிருந்து பக்கம். முன்பே பேசி இடம் சொல்லி வையுங்கள்.

3. லாட்ஜுக்கு முன்கூட்டியே போன் செய்து "லேடீஸ் சிங்கிள், ஒரு நாள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இல்லை என்றால் போனிலேயே தெரிந்துவிடும், காலை ஏழரைக்கு அலைய வேண்டாம்.

4. "செக்-அவுட் 24 மணி நேரமா, பகல் 12 மணியா?" என்று கேளுங்கள். காலை ஆறுக்கு அறை எடுத்துப் பன்னிரண்டுக்கே நாள் முடிந்தால் ஒரு ராத்திரிக்கு இரண்டு நாள் வாடகை!

5. காசு கட்டும் முன் அறையைப் பாருங்கள். முதலில் தாழ்ப்பாள், அப்புறம் தண்ணீர், அப்புறம்தான் டிவி.

6. ஆதாருக்கு, கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட நகல் இணையத்தில் கிடைக்கும். அதைக் கொடுத்துப் பாருங்கள்.

7. அட்வான்சுக்கு ரசீது வாங்குங்கள். காலி செய்யும்போது ஷிஃப்ட் மாறி வேறு ஆள் இருப்பார்.

8. அறையைக் காலி செய்த பிறகு பையை நிலையத்தின் க்ளோக் ரூமில் வைக்கலாம். ஆனால் பூட்டாத பையை வாங்க மாட்டார்கள். ஒரு குட்டிப் பூட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

லாட்ஜ் நடத்தும் சொந்தக்காரர் யாருக்காவது இருந்தால், அடுத்த கல்யாண வீட்டில் பார்க்கும்போது அந்த 750 ரூபாய்க் கணக்கை அவரிடம் போட்டுக் காட்டுங்கள்.